தோட்டா மீள்நிரப்பு அச்சும் அழுத்தியும்

தோட்டா மீள்நிரப்பல் என்பது, ஒருமுறை சுடப்பட்ட தோட்டாவின் பித்தளை உறையை மீண்டும் உரிய அளவுக்குக் கொண்டுவந்து, அதில் புதிய பிரைமர், வெடிமருந்து, குண்டு ஆகியவற்றைப் பொருத்தி, மறுபடியும் சுடத்தக்க தோட்டாவாக ஆக்கும் கைத்தொழில் ஆகும். இதற்குத் தேவைப்படும் முதன்மைக் கருவிகள் இரண்டு. ஒன்று, உறைக்கு வடிவம் கொடுக்கும் அச்சு. பட்டறை வழக்கில் இது டை எனப்படும். மற்றொன்று, உறையை அச்சினுள் செலுத்தும் அழுத்தி. இது பிரஸ் எனவும் வழங்கும். வேட்டையும் துப்பாக்கி வைத்திருத்தலும் சட்டத்துக்கு உட்பட்டுப் பரவலாக நிலவும் ஐக்கிய அமெரிக்காவில் இத்தொழில் பெருமளவில் வீட்டுப் பொழுதுபோக்காக நடைபெறுகின்றது.

வேட்டை ரைபிளுக்கான மீள்நிரப்பலில் முதலில் தீர்மானிக்க வேண்டியது அச்சே ஆகும். அச்சு எந்த அளவுக்கு உறையைச் சுருக்குகின்றது என்பதைப் பொறுத்தே தோட்டா துப்பாக்கியில் தடையின்றி நுழைவதும், உறை பாதுகாப்பாகப் பலமுறை பயன்படுவதும் அமைகின்றன. அந்த அச்சை வளையாமல் தாங்கி நிற்பதே அழுத்தியின் பணி. இக்கட்டுரையில் .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் தோட்டா எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. 1906 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையால் ஏற்கப்பட்ட இத்தோட்டா, பின்னர் மான் வகை விலங்குகளை வேட்டையாடப் பரவலாகப் பயன்பட்டு வருகின்றது.

தோட்டாவின் உறுப்புகள்

ரைபிள் தோட்டா நான்கு பொருட்களால் ஆனது.

• உறை: பித்தளையால் ஆன கூடு. அடிப்பகுதி, உடல், தோள், கழுத்து என இதன் பகுதிகள் அழைக்கப்படுகின்றன. அகன்ற உடல் தோளில் சரிந்து குறுகிய கழுத்தாக முடிவதால் இவ்வகை உறை புட்டி வடிவம் கொண்டது.
• பிரைமர்: அடிப்பகுதியின் நடுக்குழியில் பொருந்தும் சிறு கிண்ணம். ஊசி மோதும்போது தீப்பொறியை உண்டாக்குகின்றது.
• வெடிமருந்து: புகையற்ற வகையைச் சேர்ந்தது.
• குண்டு: கழுத்தில் பொருத்தப்படுவது. சுடும்போது குழலின் வழியே வெளியேறுவது இது மட்டுமே.

.30-06 உறையின் பெரும நீளம் 63.35 மி.மீ.; குண்டின் விட்டம் 7.82 மி.மீ.; தோளின் சரிவு 17.5 பாகை. அமெரிக்காவில் 1926 இல் நிறுவப்பட்ட சாமி என்னும் தொழில்துறை அமைப்பு இவ்வளவுகளை வரையறுத்துள்ளது. அவ்வமைப்பின்படி இத்தோட்டாவின் பெரும அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு ஆகும். ஐரோப்பாவில் இதே பணியைச் சி.ஐ.பி. என்னும் அமைப்பு செய்கின்றது.

சுடும்போது உண்டாகும் அழுத்தத்தால் பித்தளை உறை விரிந்து தோட்டா அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றது. அழுத்தம் தணிந்ததும் பித்தளையின் மீள்தன்மையால் சற்றே சுருங்குகின்றது. ஆயினும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. வெளியே எடுக்கப்படும் உறை, அந்தத் துப்பாக்கியின் அறையை வார்த்தெடுத்தது போன்ற வடிவில் இருக்கும். இவ்வுறையின் கழுத்து புதிய குண்டைப் பற்றிக்கொள்ள முடியாத அளவுக்கு அகன்றிருக்கும். எனவே மீண்டும் நிரப்பும் முன் உறையைச் சுருக்க வேண்டியுள்ளது.

வரலாறு

1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியோர் வெற்று உறைகளைத் தம்முடன் வைத்திருந்து, முகாமிலேயே மீண்டும் நிரப்பிக்கொண்டனர். 1884 இல் கனெடிகட் மாநிலத்தில் ஜான் பார்லோ ஐடியல் நிறுவனத்தைத் தொடங்கி, இடுக்கி வடிவிலான மீள்நிரப்பு கருவிகளை விற்பனை செய்தார். இந்நிறுவனத்தின் கருவிகள் 1925 இல் லைமன் நிறுவனத்தின் வசம் வந்தன. கையால் நெரிக்கும் இவ்வகை இடுக்கிகள் உறையின் கழுத்தை மட்டுமே சுருக்க வல்லவை. முழு உறையையும் சுருக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை.

1943 இல் கலிபோர்னியாவின் ஓரோவில் நகரில் பிரெட் ஹண்டிங்டன் ஆர்.சி.பி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். போர்க்காலத்தில் குண்டுகள் கிடைப்பது அரிதாகியிருந்தது. சுடப்பட்ட .22 தோட்டாக்களின் உறைகளைக் கொண்டு குண்டின் மேலுறை செய்யும் அச்சுகளே இவரது முதல் ஆக்கம். ராக் சக் என்னும் மலை அணில் இனத்தை வேட்டையாட அக்குண்டுகள் பயன்பட்டதால், நிறுவனத்தின் பெயரும் அவ்விலங்கின் பெயரிலிருந்தே அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் படைத்துறையின் மிகுதி வெடிமருந்து மலிவாக விற்பனைக்கு வந்ததும் மீள்நிரப்பல் விரைந்து பரவியது. 1958 இல் ரிச்சர்ட் லீ, சுத்தியலால் அடித்துப் பயன்படுத்தும் மலிவான சிறு கருவித் தொகுதியை அறிமுகப்படுத்தினார்.

மீள்நிரப்பலின் படிகள்

1. உறையைத் துடைத்து, வெடிப்பு உள்ளதா எனப் பார்த்தல்.
2. உறைக்கு மசகு பூசுதல்.
3. சுருக்கும் அச்சினுள் செலுத்துதல். இதே வீச்சில் பழைய பிரைமரும் வெளியேற்றப்படும்.
4. உறையின் நீளத்தை அளந்து, மிகுந்திருப்பின் வெட்டுதல்.
5. புதிய பிரைமர் பொருத்துதல்.
6. வெடிமருந்தை எடையிட்டு நிரப்புதல்.
7. பொருத்தும் அச்சின் உதவியால் குண்டை உரிய ஆழத்தில் அமர்த்துதல்.

இவற்றுள் மூன்றாம் படியும் ஏழாம் படியும் அச்சைச் சார்ந்தவை. ஆகவே ரைபிளுக்கான அச்சுத் தொகுதி பெரும்பாலும் இரண்டு அச்சுகளைக் கொண்டதாக விற்கப்படுகின்றது.

சுருக்கும் அச்சின் வகைகள்

முழுநீள அச்சு
இது உறையின் உடல், தோள், கழுத்து ஆகிய மூன்றையும் ஒருங்கே சுருக்குகின்றது. அச்சின் நடுவே உள்ள தண்டில் பிரைமரைத் தள்ளும் ஊசியும், அதற்கு மேலே விரிப்புக் குமிழும் அமைந்துள்ளன. அச்சு கழுத்தைத் தேவைக்கு மேல் சுருக்கிவிட, உறை வெளியே வரும்போது குமிழ் அதன் உட்புறத்தைச் சரியான அளவுக்கு விரிக்கின்றது. கழுத்தின் உட்புறம் மசகின்றி இருந்தால் குமிழ் உராய்ந்து கழுத்தை ஒருபுறமாக இழுத்துவிடக்கூடும்.

கழுத்து அச்சு
இது கழுத்தை மட்டும் சுருக்குகின்றது. உடல் முன்பு சுடப்பட்ட அறையின் அளவிலேயே இருப்பதால் பித்தளை குறைவாகவே உழைக்கின்றது. லீ நிறுவனத்தின் கவ்வி வகைக் கழுத்து அச்சு, கழுத்தை ஓர் உள்தண்டின் மீது விரல்களைப் போல் பற்றி நெருக்குகின்றது. இதற்கு மசகு தேவையில்லை. ஆனால் கழுத்து அச்சால் சுருக்கப்பட்ட உறை, அது சுடப்பட்ட அதே துப்பாக்கிக்கு மட்டுமே பொருந்தும். சில முறை சுட்டபின் அத்துப்பாக்கியிலும் இறுக்கமாகிவிடும்.

வளைய அச்சு
கழுத்தைச் சுருக்கும் பகுதி மாற்றத்தக்க எஃகு வளையமாக இருக்கும் அச்சு. வளையங்கள் 0.001 அங்குல (ஏறத்தாழ 0.025 மி.மீ.) வேறுபாட்டில் கிடைக்கின்றன. உறையின் கழுத்துத் தடிப்புக்கு ஏற்ற வளையத்தைத் தேர்வதன் மூலம், குண்டைப் பற்றும் இறுக்கத்தைத் தேவையான அளவில் வைக்கலாம்.

சிற்றடி அச்சு
உறையின் அடிப்பகுதியை ஒட்டிய உடலை வழக்கமான முழுநீள அச்சைவிடச் சற்றுக் கூடுதலாகச் சுருக்குவது. தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றும் ரைபிள்களுக்கு இது சில வேளைகளில் தேவைப்படும். கையால் போல்டை இயக்கும் துப்பாக்கிக்கு இது பொதுவாகத் தேவையற்றது. உறையின் ஆயுளையும் குறைக்கும்.

வேட்டைக்கு ஏற்றது எது

இலக்குச் சுடுவோர் சிலர் கழுத்து அச்சை விரும்புவதுண்டு. வேட்டையில் நிலைமை வேறு. குளிரிலும் மழையிலும் தூசியிலும் துப்பாக்கி இயங்க வேண்டும். முதல் குண்டு விலங்கைக் காயப்படுத்திவிட்டால், இரண்டாம் தோட்டா அக்கணமே அறையினுள் நுழைந்தாக வேண்டும். உறை சற்றே பருத்திருந்து போல்ட் மூட மறுத்தால், காயமுற்ற விலங்கு காட்டுக்குள் சென்று நெடுநேரம் துன்புற்று இறக்கும். கரடி போன்ற விலங்காயின் வேட்டையாளரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவே வேட்டைத் தோட்டாவுக்கு முழுநீள அச்சே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகின்றது. அதே வேளையில், முழுநீள அச்சைக் கண்மூடித்தனமாக இறக்கிப் பயன்படுத்துவது வேறொரு ஆபத்துக்கு வழிவகுக்கும்.

அச்சைச் சரிசெய்தல்

.30-06 போன்ற தோட்டா அறையினுள் முன்னோக்கி நகராதபடி தடுப்பது அதன் தோள் ஆகும். தோளுக்கும் போல்டின் முகத்துக்கும் இடையேயுள்ள இடம் தலைவெளி எனப்படும். அச்சு தோளை மிகுதியாகப் பின்தள்ளிவிட்டால் உறை அறையைவிடக் குட்டையாகிவிடும். சுடும்போது உறையின் முன்பகுதி சுவரோடு ஒட்டிக்கொள்ள, அடிப்பகுதி போல்டை நோக்கிப் பின்னே இழுபடும். இதனால் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் ஒவ்வொரு முறையும் மெலிந்து, இறுதியில் உறை இரண்டாகப் பிரியும். அவ்வாறு பிரிந்தால் உயர் அழுத்த வளிமம் பின்புறமாகக் கசிந்து, சுடுபவரின் கண்ணைத் தாக்கக்கூடும்.

இதன் முன்னறிகுறி, உறையின் அடிப்பகுதிக்கு மேலே தோன்றும் பளபளப்பான வளையம் ஆகும். முனை வளைத்த மெல்லிய கம்பியை உறையினுள் விட்டு, உட்சுவரில் தடவிப் பார்க்கலாம். கம்பி ஒரு பள்ளத்தில் தடுக்கினால் அவ்வுறையை அழித்துவிட வேண்டும்.

பல அச்சுகளுடன் வரும் குறிப்பு, அச்சை உறைப்பிடியைத் தொடும்வரை இறக்கி, பின்னர் மேலும் சற்றுத் திருகுமாறு கூறுகின்றது. எந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் தோட்டாவை இம்முறை தரும். ஆனால் தோள் எவ்வளவு பின்தள்ளப்பட்டது என்பதை இது காட்டாது. இதைவிடச் சிறந்த முறை அளந்து பார்த்தல் ஆகும். .30-06 உறையில் தோளின் மீது 0.375 அங்குல (9.53 மி.மீ.) விட்டம் உள்ள இடம் அளவுகோட்டு வட்டமாக வரையறுக்கப்பட்டுள்ளது. வெர்னியர் அளவியில் மாட்டும் ஒப்பீட்டுத் துண்டைக் கொண்டு, அடிப்பகுதியிலிருந்து இவ்வட்டம் வரையுள்ள நீளத்தைச் சுருக்கும் முன்னும் பின்னும் அளக்கலாம். போல்ட் வகை வேட்டை ரைபிளுக்குத் தோள் ஏறத்தாழ 0.002 அங்குலம் (0.05 மி.மீ.) பின்தள்ளப்பட்டால் போதுமானது.

அச்சின் மரை இங்கு கவனிக்கத்தக்கது. பெரும்பாலான நிறுவனங்களின் அச்சுகள் 0.875 அங்குல விட்டமும், ஓர் அங்குலத்துக்கு 14 மரையும் கொண்ட பொது அளவில் செய்யப்படுகின்றன. எனவே ஒரு நிறுவனத்தின் அச்சை வேறொரு நிறுவனத்தின் அழுத்தியில் பொருத்த இயலும். இம்மரையில் ஒரு முழுச்சுற்று அச்சை 1.81 மி.மீ. நகர்த்தும். ஆகவே 0.05 மி.மீ. நகர்வுக்கு ஏறத்தாழ 10 பாகை திருப்பினாலே போதும். இத்தகைய நுண்ணிய மாற்றத்தை நிலைநிறுத்த, நன்கு இறுகும் பூட்டு வளையம் தேவைப்படுகின்றது. அச்சைத் தொடாமலேயே தோளின் அளவை மாற்றுவதற்கு, 0.002 அங்குல வேறுபாட்டில் உயரம் கூடும் உறைப்பிடித் தொகுதிகளும் விற்கப்படுகின்றன.

தொடக்கநிலையாளரை மயக்கும் ஒரு நிகழ்வும் உண்டு. அச்சு தோளைத் தொடும் முன்னரே உடலை நெருக்கத் தொடங்குகின்றது. நெருக்கப்பட்ட பித்தளை முன்னோக்கி நகர்வதால், அரைகுறையாகச் சுருக்கப்பட்ட உறையின் தோள் முன்பிருந்ததைவிட முன்னே வந்துவிடும். இதனால் சுருக்கிய உறை, சுருக்காத உறையைவிட இறுக்கமாக நுழையும். அச்சை மேலும் சிறிது இறக்குவதே இதற்குத் தீர்வு.

குண்டு பொருத்தும் அச்சு

குண்டை உறையின் கழுத்தில் நேராகவும் ஒரே ஆழத்திலும் அமர்த்துவது இதன் பணி. இதனுள் உள்ள தண்டின் முனை, குண்டின் கூரிய நுனியைத் தொடாமல் அதன் வளைந்த பக்கத்தை அழுத்த வேண்டும். நீண்ட கூர்முனைக் குண்டுகளுக்குப் பழைய வடிவத் தண்டு பொருந்தாமல் நுனியை நசுக்கக்கூடும். அந்நிலையில் உரிய தண்டைத் தனியே வாங்க வேண்டும். கலிபோர்னியாவில் 2019 சூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டு தடை செய்யப்பட்டுள்ளது. அங்கு பயன்படும் செப்புக் குண்டுகள் அதே எடையுள்ள ஈயக் குண்டுகளைவிட நீளமானவை என்பதால், இவ்வேறுபாடு முதன்மை பெறுகின்றது.

மைக்ரோமீட்டர் தலை கொண்ட பொருத்தும் அச்சு விலை மிகுந்தது. பல வகைக் குண்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவோருக்கு அது வசதியானது. ஒரே குண்டை மட்டும் பயன்படுத்துபவருக்குச் சாதாரண அச்சே போதும். இரு வகையிலும், தோட்டாவின் மொத்த நீளம் துப்பாக்கியின் தோட்டாப் பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

.30-30 வின்செஸ்டர் போன்ற தோட்டாக்களைக் குழாய் வடிவப் பெட்டியில் ஏற்றும் நெம்புகோல் ரைபிள்களுக்கு, கழுத்தின் விளிம்பைக் குண்டின் மீது நெரிக்கும் அச்சும் வேண்டும். அக்குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், சுடும் அதிர்வில் குண்டு உள்ளே அமுங்கிவிடக்கூடும். ஒரு தோட்டாவின் குண்டு முன்னுள்ள தோட்டாவின் பிரைமரைத் தொட்டு நிற்பதால், இவற்றுக்குக் கூர்முனையற்ற குண்டுகளோ மென்மையான நெகிழி முனை கொண்ட குண்டுகளோ மட்டுமே ஏற்றவை. .30-06 போல்ட் ரைபிளுக்கு நெரிப்பு பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

அழுத்தியின் வகைகள்

ஒற்றைநிலை அழுத்தி
ஒரு வேளையில் ஓர் அச்சை மட்டும் தாங்குவது. கைப்பிடியை இறக்கும்போது நெம்புகோல் அமைப்பால் உந்துதண்டு மேலெழுந்து, உறையை அச்சினுள் செலுத்துகின்றது. சட்டத்தின் வடிவைக் கொண்டு இது இரு வகைப்படும். முன்புறம் திறந்த வகையில் கை எளிதில் நுழையும். ஆனால் சட்டம் வளையும் வாய்ப்பு கூடுதல். நாற்புறமும் மூடிய வளையச் சட்டம் வலிமை மிக்கது. ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர், ரெட்டிங் பிக் பாஸ், லீ கிளாசிக் காஸ்ட் ஆகியன மூடிய வகைக்கு எடுத்துக்காட்டுகள். ஃபார்ஸ்டர் நிறுவனத்தின் கோ-ஆக்ஸ் அழுத்தியில் அச்சை மரையில் திருகாமல், பூட்டு வளையத்தைப் பிடித்துப் பள்ளத்தில் செருகலாம்.

கோபுர அழுத்தி
மேற்புறத்தில் சுழலும் தட்டில் பல அச்சுகள் பொருத்தப்பட்டிருக்கும். ரெட்டிங் டி-7 அழுத்தியில் ஏழு துளைகள் உள்ளன. அச்சுகளைக் கழற்றி மாட்டும் வேலை குறைகின்றது. தட்டு சுழல்வதற்கான இடைவெளி இருப்பதால், மிகுந்த அழுத்தத்தில் அது சற்றே மேலெழக்கூடும்.

தொடர்நிலை அழுத்தி
பல உறைகள் ஒரே வேளையில் வெவ்வேறு நிலைகளில் இருக்க, ஒவ்வொரு வீச்சிலும் ஒரு முழுத் தோட்டா வெளிவரும். டில்லன், ஹார்னடி முதலிய நிறுவனங்கள் இவற்றைத் தயாரிக்கின்றன. கைத்துப்பாக்கித் தோட்டாக்களை நூற்றுக்கணக்கில் நிரப்புவோருக்கு இது ஏற்றது. .30-06 தோட்டாவில் பயன்படும் வெடிமருந்துகளுள் பல, ஐ.எம்.ஆர். 4350 போன்ற குச்சி வடிவத் துகள்களால் ஆனவை. இவை அளவிடும் கருவியின் குழாயில் சிக்கி, ஒரு உறைக்குக் குறைவாகவும் அடுத்ததற்கு மிகுதியாகவும் விழலாம். தனித்தனியே எடையிடுவதே பாதுகாப்பானது என்பதால், தொடர்நிலை அழுத்தியின் வேகம் இங்கு பெரும்பாலும் வீணாகின்றது.

அழுத்தியைத் தேர்ந்தெடுத்தல்

வேட்டையாளர் ஒருவருக்குப் பயிற்சிக்கும் வேட்டைக்கும் சேர்த்து ஆண்டுக்குச் சில நூறு தோட்டாக்களே தேவைப்படும். இந்த அளவுக்கு ஒற்றைநிலை அழுத்தியே போதுமானது. தேர்வில் கவனிக்க வேண்டியவை:

• உறுதி: சுருக்கும்போது சட்டம் வளைந்தால், உறைப்பிடிக்கும் அச்சுக்கும் இடையே வெளிச்சம் தெரியும். அவ்வளவு தொலைவுக்குத் தோளும் சுருங்காமல் நின்றுவிடும். உறைக்கு உறை மசகு வேறுபட்டால் வளைவும் வேறுபட்டு, தோளின் அளவும் மாறும். மெல்லிய அலுமினியச் சட்டத்தைவிட வார்ப்பிரும்புச் சட்டம் பெரிய உறைகளுக்கு ஏற்றது.
• திறப்பின் உயரம்: .375 எச் அண்ட் எச் மேக்னம் போன்ற நீண்ட தோட்டாக்கள் குண்டுடன் நுழையத் தக்க இடம் வேண்டும்.
• பழைய பிரைமர் சேகரிப்பு: வெளியேறும் பிரைமரில் ஈயச் சேர்மங்கள் படிந்திருக்கும். உந்துதண்டின் உள்வழியாகக் குழாயில் விழும் அமைப்பு துப்புரவானது.
• மேசை: அழுத்தி எவ்வளவு வலிமையானதாயினும், ஆடும் மேசையில் பொருத்தினால் பயனில்லை.

செலவைக் குறைக்க விரும்புவோர், நல்ல நிலையிலுள்ள பழைய வார்ப்பிரும்பு அழுத்தியை வாங்கி, மிச்சப்படும் பணத்தை ஒப்பீட்டு அளவிக்கும் தராசுக்கும் செலவிடலாம்.

பொதுவான சிக்கல்கள்

• உறை சிக்குதல்: மசகு போதாத உறை அச்சினுள் இறுகிவிடும். கைப்பிடியை வலிந்து இழுத்தால் உறையின் விளிம்பு பிய்ந்துவிடும். பின்னர் அடிப்பகுதியில் துளையிட்டு, திருகாணி கொண்டு இழுத்தெடுக்க நேரும். கார்பைடு வளையம் கொண்ட கைத்துப்பாக்கி அச்சுகளுக்கு மசகு தேவையில்லை என்பது உண்மையே. ஆயினும் புட்டி வடிவ ரைபிள் உறைக்கு எந்த முழுநீள அச்சாயினும் மசகு கட்டாயம்.
• தோளில் குழிவு: மசகு மிகுந்தால் அது தோளின் மேல் தேங்கி, உறையில் பள்ளம் விழச் செய்யும்.
• நீளம் கூடுதல்: சுருக்கும்போது உறை நீள்கின்றது. 63.35 மி.மீ. ஐத் தாண்டிய உறையின் வாய், அறையின் முனையில் முட்டிக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். இதனால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரக்கூடும். 63.09 மி.மீ. அளவுக்கு வெட்டுவது வழக்கம்.
• பெர்டன் வகை உறை: இதன் பிரைமர் குழியில் நடுத்துளை இல்லை, பக்கவாட்டில் இரு சிறு துளைகள் இருக்கும். வழக்கமான அச்சின் ஊசி இதில் உடைந்துவிடும். நடுவே ஒரே துளையுள்ள பாக்சர் வகை உறைகளையே பயன்படுத்த வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

வெடிமருந்தின் வகையும் அளவும் குண்டு, வெடிமருந்து உற்பத்தியாளர்கள் வெளியிடும் கையேடுகளிலிருந்து மட்டுமே பெறப்பட வேண்டும். பெரும அளவிலிருந்து ஏறத்தாழ 10 விழுக்காடு குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துவது மரபு. கண்ணாடி அணிதல், ஒரு வேளையில் ஒரே வகை வெடிமருந்தை மட்டும் மேசைமீது வைத்தல், நிரப்பிய உறைகளைக் கட்டையில் நிறுத்தி விளக்கொளியில் ஒவ்வொன்றையும் பார்த்தல், பணி முடிந்ததும் கைகளைக் கழுவுதல் ஆகியன அடிப்படை விதிகள். புதிதாக நிரப்பிய தோட்டாக்கள் அறையினுள் தடையின்றி நுழைகின்றனவா என்பதை வேட்டைக்குச் செல்லும் முன்னரே, பாதுகாப்பான சுடுதளத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, சொந்தப் பயன்பாட்டுக்கு மீள்நிரப்ப உரிமம் தேவையில்லை. விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும். பிற நாடுகளின் சட்டங்கள் வேறுபடுகின்றன. இந்தியாவில் 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா தயாரித்தல் குற்றம் ஆகும். அட்டவணையில் உள்ள காட்டு விலங்குகளை வேட்டையாடுவதும் 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால், சட்டம் குறிப்பிடும் விதிவிலக்குகள் நீங்கலாகத் தடை செய்யப்பட்டுள்ளது.